கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன? அதில் ஏன் சேரலாம்?

மகன் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறான் என்று சொன்னதும், மதுரையிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்த அத்தை கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கம்யூனிட்டிக்காரங்க நடத்துறது?" என்பதுதான். அவர் கேட்டதில் தவறே இல்லை. நம் ஊரில் அந்தச் சொல் காதில் விழுவது, தாலுகா ஆபீசில் கம்யூனிட்டி சர்டிஃபிகேட் வாங்க அலையும்போது. அமெரிக்காவில் அதற்கு ஊர்மக்கள் என்று பொருள். ஒரு வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்காக, பெரும்பாலும் அவர்கள் கட்டும் வரிப்பணத்தில் நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி அது. தமிழ்நாட்டில் இந்த வகைக்குச் சமுதாயக் கல்லூரி என்று பெயர். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இலும், சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டம் 1996இலும் தொடங்கியவை இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரிகள். அவை தொழிற்பயிற்சியை மையமாகக் கொண்டவை. அமெரிக்கக் கல்லூரி தொழிலும் கற்றுத் தரும், பல்கலைக்கழகத்துக்கும் வழிவிடும்.

இன்னொரு கேள்வி, இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வரும். சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "ஏன், யூனிவர்சிட்டியில இடம் கிடைக்கலையா?" இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மகனுக்கு முன்னால் நானே அப்படி ஒரு கல்லூரியில் படித்தவள். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் நான்கு ஆண்டு. செமஸ்டர் முறையில் ஏறத்தாழ 120 யூனிட். ஒரு பாடம் பெரும்பாலும் 3 யூனிட், அதாவது வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பு. எந்தத் துறையில் பட்டம் வாங்குபவரும் முதல் இரண்டு ஆண்டுகளில் பொதுப்பாடங்களைப் படித்தாக வேண்டும். ஆங்கிலக் கட்டுரை, கணிதம், ஏதாவது ஓர் அறிவியல், வரலாறு, பேச்சுப் பயிற்சி, இவற்றோடு அவர் எடுக்கப்போகும் துறையின் அடிப்படைப் பாடங்கள். அந்த இரண்டு ஆண்டுக்கான 60 யூனிட்டையும் கம்யூனிட்டி காலேஜிலேயே முடிக்கலாம். முடித்தால் அசோசியேட் டிகிரி கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், அல்லது பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். இந்த இரண்டாவது வழிக்குப் பெயர் டிரான்ஸ்ஃபர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த பிள்ளை லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகிறதே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. கடைசியில் கையில் வாங்கும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

இது யாரோ அவசரத்துக்குப் போட்ட குறுக்குப்பாதை இல்லை. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் ஷிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து யோசித்த ஏற்பாடு இது. பட்டப்படிப்பின் முதல் இரண்டாண்டை ஊரிலேயே படிக்க முடிந்தால், வீட்டை விட்டுப் போக வசதியில்லாத பிள்ளைகளும் படிப்பார்களே என்று நினைத்தார்கள். ஆறு மாணவர்களுடன் தொடங்கிய அந்த ஜோலியட் ஜூனியர் காலேஜ் இன்றும் நடக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான படைவீரர்கள் அரசு உதவியில் படிக்க வந்தபோது இருந்த கல்லூரிகள் போதவில்லை. அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையம் 1947இல், ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட கல்லூரிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் பரவியதும் அந்த அறிக்கையால்தான்.

கலிஃபோர்னியா இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. 1960இல் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில் மாநிலம் மூன்று அடுக்குகளை வைத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு, அதாவது நாம் யூ.சி. என்று சொல்வதற்கு. முதல் மூன்றில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு. கம்யூனிட்டி காலேஜுக்கு எந்த வரம்பும் இல்லை. படித்தால் பயன்பெறக்கூடிய எவரும் வரலாம். எனக்குப் பிடித்த பகுதி அதற்கடுத்தது. மூன்றாம் அடுக்கில் நுழைந்தவர் அங்கேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காக, பல்கலைக்கழகங்களின் முதல் இரண்டாண்டுகளில் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்து வைத்து, மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் இடத்தை அதிகமாக வைக்கச் சொன்னார்கள். 40க்கு 60 என்று விகிதமே எழுதிவைத்தார்கள். அந்தக் கூடுதல் இடம் டிரான்ஸ்ஃபரில் வருபவர்களுக்கானது. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. யூ.சி.க்கு டிரான்ஸ்ஃபரில் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் இவற்றிலிருந்து போகிறவர்கள். "இடம் கிடைக்கலையா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். இடம் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் போகும் இன்னொரு வாசல் இது, அரசே திட்டமிட்டுக் கட்டிய வாசல்.

இப்போது பணம். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 2012 முதல் இதே கட்டணம். 60 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,760 டாலர். இரண்டாண்டுப் படிப்பின் கட்டணம் மொத்தமே அவ்வளவுதான். யூ.சி.யில் ஒரே ஓர் ஆண்டுக்கு, கல்விக் கட்டணம் மட்டும் 14,000 டாலரைத் தாண்டும். விடுதியும் சாப்பாடும் தனி. கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வருவதால் அந்தச் செலவும் மிச்சம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்த 46 டாலரையும் மாநிலம் தள்ளுபடி செய்கிறது. முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு, வருமானம் எதுவானாலும், முதல் இரண்டாண்டுக் கட்டணத்தைப் பல கல்லூரிகள் தள்ளுபடி செய்கின்றன. டென்னசி மாநிலம் 2014இல் சட்டம் போட்டு, பள்ளி முடிக்கும் எல்லோருக்கும் இந்தப் படிப்பை இலவசமாக்கியது. பாடப்புத்தகம் தனிச் செலவு, அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளை இப்போது பாட அட்டவணையிலேயே குறித்துவைக்கிறார்கள். பதிவு செய்யும்போது தேடிப் பாருங்கள்.

கட்டணம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்த நன்மை. அதற்குள் இன்னொரு நன்மை இருக்கிறது, அதை வெளியே யாரும் பேசுவதில்லை. இங்கே தப்பு செய்தால் ஆகும் செலவும் குறைவு. பதினெட்டு வயதில் என்ன படிக்க வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? என் மகன் முதல் செமஸ்டரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றான். இரண்டாவதில் ஜியாலஜி வகுப்பு ஒன்றை எடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் பாறைகளைப் பற்றியே ஒரு வாரம் பேசினான். பல்கலைக்கழகத்தில் இப்படி மனம் மாறியிருந்தால் கடன் கழுத்தை நெரித்திருக்கும். "படிச்சுத் தொலை" என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. இங்கே அந்த ஒரு வகுப்புக்கு ஆன செலவு இருநூறு டாலருக்கும் குறைவு. அவனை அவன் போக்கில் விட எங்களுக்குத் தைரியம் வந்தது அதனால்தான்.

வகுப்பறை எப்படி இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் ஹெச்-4 விசாவில், கணவரின் வேலையை ஒட்டி வந்தவள். ஊரில் பி.காம். முடித்திருந்தேன். அப்போது எனக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. மூன்று ஆண்டு வீட்டுக்குள் இருந்தபின், முப்பத்து நான்கு வயதில் ஒரு மாலை நேர அக்கவுண்டிங் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இடப்பக்கம் பத்தொன்பது வயதுப் பெண், பீட்சா கடைச் சீருடையோடு வருவாள். வலப்பக்கம் ஈராக்கிலிருந்து திரும்பிய முன்னாள் ராணுவ வீரர். முன்வரிசையில் சொந்தமாகத் தோட்ட வேலை காண்டிராக்ட் எடுக்கும் மெக்சிகோக்காரர், கணக்கைத் தானே எழுத வேண்டும் என்பதற்காக வந்தவர். முப்பது பேர்கூட இல்லை. பேராசிரியருக்கு இரண்டாம் வாரத்திலேயே எங்கள் எல்லோருடைய பெயரும் தெரியும்.

பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு கெமிஸ்ட்ரி வகுப்பில் முந்நூறு பேர் உட்காருவது சாதாரணம். பேராசிரியர் மேடையில் பேசிவிட்டுப் போவார். சந்தேகம் தீர்ப்பதும் தாள் திருத்துவதும் முதுநிலை மாணவர்கள்தான். அங்கே ஆசிரியரின் பதவி உயர்வு பெரிதும் ஆராய்ச்சியைப் பொறுத்தது. கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியருக்குப் பாடம் நடத்துவதுதான் வேலை, அதற்காகத்தான் சம்பளம். முதுநிலைப் பட்டம் பெற்றவரே வகுப்புக்கு வருகிறார், அவரே தாளையும் திருத்துகிறார். டெபிட், கிரெடிட் எல்லாம் எனக்குத் தமிழில் யோசித்தால்தான் புரியும். அதை எங்கள் பேராசிரியர் கண்டுபிடித்து, வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் இருந்து, என் ஆங்கிலத்துக்குக் காத்திருந்து கேட்பார். அந்த அரைமணிகளுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஹெச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாமலே ஆண்டுகள் போகின்றன. படிக்க நீங்கள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. ஹெச்-4இலேயே படிக்கலாம். கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்து, இங்கேயே தொடர்ந்து வாழும் எண்ணத்தை வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றால் காட்ட முடிந்தால், உள்ளூர்க்காரருக்கான அதே 46 டாலர் கட்டணம் உங்களுக்கும் உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் பல மடங்கு கட்ட வேண்டும். அப்படியும் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது குறைவுதான். ஆங்கிலம் பேசத் தயங்குபவர்களுக்கென்று கட்டணமே இல்லாத வகுப்புகள் தனியே நடக்கின்றன. பிள்ளையைப் பார்க்க வந்து கிரீன் கார்டோடு தங்கிவிட்ட தாத்தா பாட்டிகளை அங்கே பார்க்கலாம், குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளியில் மதிப்பெண் சரிந்த பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரி செய்வது இன்னும் பெரியது. டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பிக்கும்போது யூ.சி. பார்ப்பது பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய மதிப்பெண்களைத்தான். பத்தாம் வகுப்பில் அப்பா அம்மா பிரிந்ததோ, காய்ச்சலில் ஓராண்டு போனதோ, படிப்பில் மனமே போகாததோ, எதுவும் பின்தொடர்ந்து வராது. மனித மரபணு வரைபடத்தை எழுதியவர்களில் ஒருவரான கிரெய்க் வென்டர் பள்ளியில் மோசமாகப் படித்தவர். வியட்நாம் போரில் மருத்துவ உதவியாளராக இருந்துவிட்டுத் திரும்பி, சான் மட்டேயோ காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, யூ.சி. சான் டியேகோவுக்குப் போனார். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ், 1999இல் கொலம்பியாவை ஓட்டியவர், நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் டிகிரி வாங்கித்தான் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

பல்கலைக்கழகமே வேண்டாம், கைத்தொழில் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். நர்சிங், எக்ஸ்ரே டெக்னீஷியன், பல் சுகாதாரம், வெல்டிங், கார் மெக்கானிக், தீயணைப்பு, மழலையர் பள்ளி ஆசிரியர் எனப் பட்டியல் நீளும். நர்சிங்கை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். இரண்டாண்டு அசோசியேட் டிகிரி வாங்கியவரும் நான்காண்டு பட்டம் வாங்கியவரும் உரிமத்துக்கு எழுதுவது ஒரே தேர்வு, என்க்ளெக்ஸ். தேறினால் இருவரும் பதிவு பெற்ற நர்ஸ்தான். நான்காண்டுப் பட்டத்தைத்தான் விரும்பும் மருத்துவமனைகள் உண்டு. அதை வேலை பார்த்துக்கொண்டே பிறகு முடித்துக்கொள்கிறார்கள். இதில் இடம் கிடைப்பதற்கு மட்டும் கடும் போட்டி. எல்லோருக்கும் திறந்த கல்லூரி என்றாலும் நர்சிங் வகுப்புக்கு அது பொருந்தாது. முன்தேவைப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வேண்டும், காத்திருக்கவும் வேண்டியிருக்கும்.

இனி, கவனமாக இருக்க வேண்டிய இடம். நன்மைகளை மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கா முழுவதும் கணக்கெடுத்தால், கம்யூனிட்டி காலேஜில் நுழைபவர்களில் பெரும்பாலோர் இளங்கலைப் பட்டம் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்கள். நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவது மூன்றில் ஒருவர் அளவுதான். நுழைந்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் இளங்கலைப் பட்டம் வாங்குவது நூற்றுக்கு 16 பேர். வேலை, குடும்பம், பணம் எனக் காரணங்கள் பல. தடுக்கக்கூடிய காரணமும் ஒன்று இருக்கிறது: படித்த யூனிட்டுகள் மாறும் இடத்தில் செல்லாமல் போவது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்களை ஆராய்ந்த மத்திய அரசின் தணிக்கை அலுவலகம், அவர்கள் சராசரியாக 43 விழுக்காடு யூனிட்டுகளை இழந்தார்கள் என்று 2017இல் மதிப்பிட்டது. அவ்வளவு உழைப்பும் வீண்.

எங்கள் தோழி ஒருவரின் மகளுக்கு இது நடந்தது. இன்ஜினியரிங் போக வேண்டியவள், நேரம் ஒத்துவந்தது என்று பிசினஸ் கால்குலஸ் வகுப்பை எடுத்துவிட்டாள். பெயரில் கால்குலஸ் இருந்தால் போதும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். இன்ஜினியரிங்குக்கு அது செல்லாது. அதற்கென்று உள்ள கால்குலஸ் வரிசையைத் தொடக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்த வரிசையில் ஒன்று முடித்தால்தான் அடுத்தது, அதை முடித்தால்தான் இயற்பியல். கடைசியில் ஓராண்டு தள்ளிப்போனது. எந்தப் பாடம் எடுப்பது என்று அவளுக்கு அறிவுரை சொன்ன கல்லூரிக் கவுன்சிலருக்கு அன்று பதினைந்து நிமிடம்தான் இருந்தது.

ஆகவே சேரும்போதே முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். கலிஃபோர்னியாவில் இதற்காக அசிஸ்ட் என்ற அரசு இணையதளம் இருக்கிறது. உங்கள் கம்யூனிட்டி காலேஜ், நீங்கள் போக விரும்பும் பல்கலைக்கழகம், துறை ஆகிய மூன்றையும் கொடுத்தால், இங்குள்ள எந்தப் பாடம் அங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடு என்று வரிவரியாகக் காட்டும். அதை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறோம். 2010இல் வந்த சட்டத்தின்படி, டிரான்ஸ்ஃபருக்கென்றே வகுத்த அசோசியேட் டிகிரியை முடித்தவருக்கு கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டிகளில் எங்காவது ஓர் இடம் உறுதி. விரும்பிய வளாகமே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. யூ.சி.யில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களைக் குறித்த மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் தருவதாக முன்கூட்டியே உறுதி எழுதித் தருகின்றன. ஆறில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், சில துறைகளுக்கு இது கிடையாது. அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தோடு முடிந்துவிடும், பொது விண்ணப்பத்துக்கு முன்பே. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் இந்த உறுதியைத் தருவதில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை எடுக்கின்றன.

இன்னொரு குறையும் உண்டு. விடுதி வாழ்க்கை இருக்காது. வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் வேலைக்கு ஓடுவார்கள். என் மகனுக்கு முதல் சில மாதங்கள் நண்பர்களே இல்லை. பள்ளித் தோழர்கள் பல்கலைக்கழக விடுதிகளிலிருந்து படம் போடும்போது முகம் வாடிப்போவான். நூலகத்தில் கணிதப் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது, அங்கே இலவசமாகச் சொல்லித்தருவார்கள். அங்கே போகத் தொடங்கியபிறகுதான் கூட்டாளிகள் கிடைத்தார்கள். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு நம் சொந்தக்காரர்களின் கேள்விகளும் சேர்ந்தால் பாவம், பிள்ளை தாங்காது.

சேரும் முறை எளிது. இணையத்தில் விண்ணப்பம், அதற்குக் கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை. ஆகஸ்ட் கடைசியிலும் ஜனவரியிலும் செமஸ்டர் தொடங்கும். நல்ல நேரத்து வகுப்புகள் வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் பள்ளியின் சம்மதத்தோடு ஒன்றிரண்டு வகுப்பு எடுக்கலாம், அவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர்கள் உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகச் சான்றிதழ்களை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மதிப்பீட்டு அறிக்கை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். சில பாடங்களை மறுபடி படிக்க வேண்டியிருக்காது. கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அசிஸ்ட் தாளையும், போக விரும்பும் மூன்று பல்கலைக்கழகங்களின் பெயரையும், செமஸ்டர்வாரியாக நீங்களே எழுதிப் பார்த்த பாட அட்டவணையையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பதினைந்து நிமிடம் அதைச் சரிபார்க்கப் போதும்.